எதிரெதிர் ஜன்னல்கள்

பெல்கிரேட், விடியற்காலை

அன்புள்ள அம்மா,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்குக்கூட. உன் முதுகுவலி தேவலையா? நான் நலம்தான்.

இசைப்பள்ளி விடுதிக்கு வந்ததிலிருந்து நீ இறந்துபோவதாகவே கனவு கண்டு அலறிக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை கத்தினா, வயலினோட ஊருக்குக் கிளம்பிடு" என்றார் காப்பாளர் ராடோய்கா. பயந்து தூங்காமலே கிடந்தேன்.

பக்கத்துக் கட்டில் டெசாங்காதான் சொன்னாள்: "முழிச்சே கிடந்தா கனவு இன்னும் மோசமாத்தான்டி வரும், மக்கு! நேரத்துக்குப் படு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கொஞ்சம் உக்காந்துட்டு மறுபடி தூங்கு. கனவுக்குள்ளயே அது கனவுன்னு தெரிஞ்சிடும்."

நேற்று அப்படியே செய்தேன். கனவில் நீ ஈரத்தலையோடு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துபோட்டு நடுவில் செத்தவள்போலப் படுத்திருந்தாய். ஆகஸ்டு வெயிலில்கூடப் பேருந்தில், "ஜன்னலைச் சாத்துங்க, குறுக்குக் காத்துல பிள்ளைக்கு நோய் வரும்" என்று சண்டை போடுகிறவள் நீ! கனவுதான் என்று புரிந்து சிரித்துவிட்டேன். நீயும் எழுந்து சிரித்தாய். நான் அலறவே இல்லை. அந்தச் சண்டைகளுக்கெல்லாம் நன்றி அம்மா. இனி அவற்றுக்காக வெட்கப்பட மாட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. இந்நேரத்தில் எழுவது இங்கே தடை; திருட்டுத்தனமாகச் சில்லென்ற தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ராடோய்காவின் குரல்! எங்கள் அறையின் எதிரெதிர் ஜன்னல்களைப் பார்த்தேன். இரண்டும் சாத்தியிருக்கின்றன. அம்மா, இது கனவில்லை