கனகா கையெழுத்துப் போடவில்லை

குமாரபாளையம்
29.12.2024

அன்புள்ள நித்யஸ்ரீ,

நலம். உன் விடுதியில் டிவியும் இல்லை, போனும் இல்லை என்பதால் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். ‘கனகாவின் வாசல்’ சீரியலில் இந்த வாரம்: கடையைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லிக் கணவன் பத்திரத்தோடு வந்தான். கனகா கையெழுத்துப் போடவில்லை. “அஞ்சு வருசம் எங்க போயிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். அடுத்து கோர்ட்டு.

அறையில் சத்தமாக வாசிக்காதே. வெட்கமாக இருக்கிறது.

உன் மோகனப்பிரியா

ராசிபுரம்
6.1.2025

பிரியமுள்ள மோகனா,

சத்தமாகத்தான் வாசித்தேன். “டிவியவிட உன்ற கூட்டாளி நல்லாச் சொல்றாளே” என்கிறாள் அறைத்தோழி சத்யபிரியா. கோர்ட்டில் என்ன ஆனது? சீக்கிரம் எழுது. பொங்கலுக்கு நாமக்கல் மாமா வீட்டுக்குப் போகிறேன். உன்னைப் பார்க்க முடியாது.

நித்யா

ராசிபுரம்
19.1.2025

மோகனா,

கனகா கேஸ் என்ன ஆச்சு என்று நாமக்கல்லில் அத்தையிடம் கேட்டேன். “அது மார்கழியிலயே முடிஞ்சு போச்சே சாமி” என்றார். கனகா கையெழுத்துப் போட்டு, மாமியார் காலில் விழுந்து, எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். “சோறு ஆக்காமக்கூட உக்காந்து பாத்தனே, எனக்கு வேணும்” என்று அத்தைக்கு இன்னும் ஆறவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்னைப் பொய்க்காரி என்கிறார்கள். மூன்று வாரமாக எதற்கு இப்படிச் செய்தாய்?

நித்யஸ்ரீ

குமாரபாளையம்
23.1.2025

அன்புள்ள நித்யா,

பொய்தான். அவர்களிடம் என் பெயரைச் சொல்லிவிடு.

சீரியலின் கடைசி நாள், நான் வேலை செய்யும் தறிப்பட்டறையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். “ஏனுங்க, இதுக்குத்தான் அஞ்சு வருசமா எங்கள அழ வெச்சீங்களா?” என்று வசந்தாமணி அக்கா டிவியைப் பார்த்துக் கத்தினார். “டிவிக்கு எதுக்குங்க்கா மரியாதை?” என்றார் பூபதி அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா இரண்டு நாள் டிவியே போடவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. இனி உனக்கு எழுத ஒன்றும் இல்லையே என்றுதான் தோன்றியது. நீ பன்னிரண்டாவது படிக்கிறாய். பத்தாவதோடு நின்றவள் வாரா வாரம் உனக்கு என்ன எழுதுவது? அதனால்தான் கனகாவைக் கையெழுத்துப் போட விடவில்லை.

இனி கதை இல்லை. என் செய்தி மட்டும்: செவ்வாய்க்கிழமை தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. பக்கத்துத் தெருவில் யாரோ இருமுவது கேட்டது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் இவ்வளவுதான் நடந்தது.

இது போதும் என்றால் பதில் போடு.

மோகனப்பிரியா