இரண்டு முறை பிடித்த கால்கள்

நேற்று விழுப்புரத்தில் நம் மகளுக்கு எக்கோ எடுத்தார்கள். வருடா வருடம் எடுப்பதுதான். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மெஷினில் அவள் இதயம் அடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே படம் எடுக்கிற பெண் கேட்டாள்: "ஆபரேஷன் தழும்பு தெரியுது. இந்த வட்டத் தழும்பு என்னாக்கா?"

"கொழந்தையில அடுப்புல விழுந்துட்டேனாம். அம்மா சொன்னாங்க."

அடிப்பாவி, அப்படியா சொல்லி வைத்திருந்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாயே.

எண்பதுகளில், திண்டிவனத்து வாடகை வீட்டில் நடந்தது. நீ மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கிற வேலைக்குப் போயிருந்தாய். இரண்டு வயதுக் குழந்தை அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும். மாந்தம் என்றார்கள், சூடு போட்டால் போகும் என்றார்கள். சூடு போடுகிற ஆளை நான்தான் கூட்டிவந்தேன். குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். பழுத்த கம்பியின் முனை நெஞ்சில் பட்டதும் அவள் போட்ட அலறல் தெருமுனையில் வந்துகொண்டிருந்த உனக்குக் கேட்டிருக்கிறது.

இரண்டாவது சூட்டுக்கு அவன் கம்பியை ஓங்கியபோது நீ உள்ளே பாய்ந்து வெறுங்கையால் அதைப் பிடுங்கினாய். உன் உள்ளங்கை பொசுங்கிய நாற்றம் வந்தது. நான் உன்னை எட்டி உதைத்தேன். ஆம், உதைத்தேன். நீ எழுந்து அதே கம்பியால் என் கன்னத்தில் ஓங்கி இழுத்தாய். "யோவ், இனிமே எம்புள்ளய தொட்ட, கொன்னுருவேன்!" அந்த ஆள் எடுத்தான் ஓட்டம். கன்னத்தில் ரத்தம் ஒழுகினாலும், ஆம்பிளையை அடித்துவிட்டாளே என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாய். நான் பின்னாலேயே வந்தேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர், இதயத்தில் ஓட்டை இருக்கலாம், எக்கோ எடுத்தால்தான் தெரியும் என்று மெட்ராசுக்கு அனுப்பினார்.

அங்கே தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா சட்டையை விலக்கியதும் கை அப்படியே நின்றது. கருவியை வைக்க வேண்டிய இடத்தில்தான் புண். "யாரு இதைச் செஞ்சது?"

"இந்த ஆளுதாங்க. கால புடிச்சிக்கினு இருந்தாரு," என்றாய்.

புண்ணில் கருவி பட்டதும் குழந்தை துள்ளி விழித்தது. அசைந்தால் படம் தெரியாதாம். உன் கையில் கட்டு. நீ என்னைப் பார்த்தாய். "புடி. அன்னிக்கி புடிச்சியே, அதே மாதிரி புடி."

பிடித்தேன். அவள் "அப்பா, அப்பா" என்று கதறினாள். கருவி புண்ணின் மேலேயே அழுந்தி நகர்ந்தது. மெஷின் திரையில் ஓட்டை தெரிந்தது. அதைப் பார்த்ததால்தான் ஆபரேஷன் செய்தார்கள். அதனால்தான் அவள் இருக்கிறாள்.

ஊர் பேர் தெரியாத டாக்டரிடம் என்னைக் காட்டிக்கொடுத்தவள், பெற்ற மகளிடம் மட்டும் ஏன் காப்பாற்றினாய்?

நேற்று பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொல்லிவிட்டேன். "அடுப்பு இல்லம்மா. நாந்தான் கால புடிச்சிக்கினு சூடு போட வெச்சேன்."

அவள் திண்டிவனம் வரும்வரை வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் கிட்டே வந்து என் கன்னத்துத் தழும்பை விரலால் தொட்டாள்.

"அப்போ இது, அம்மாவா?"

"ஆமாம்மா."

"நல்லா போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு, என்னை விட்டு முன்னால் நடந்தாள்.