தந்தியில் ஆறு எழுத்து

12.11.79, திங்கள்
விடாத மழை. அப்புத்தளைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிவு. ரயில் இல்லை, பஸ்ஸும் பாதி வழிதானாம். லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தவள் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கெம்பஸில் என் கருத்தரங்கப் பேச்சு. குறிப்பை விரிவுரையாளரிடம் முன்பே கொடுத்தாயிற்று. வியாழன் மாலை பிரதி எடுப்பார்.
துணி துவைக்கச் சவர்க்காரம் தீர்ந்துவிட்டது.

13.11, செவ்வாய்
மழை. அப்பாவுடன் குறிப்பைச் சரிபார்த்தேன். அவர் ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிகளில் எழுத்துப் பதிப்பவர். இங்கிலீஷ் தெரியாது, எழுத்துகள் தெரியும். லைப்ரரியில் நான் குறிப்பெடுத்த கொப்பியில் எழுத்துகளை அவர் வாசிக்க, கொடுத்த குறிப்பின் கார்பன் பிரதியை நான் பார்த்தேன்.

விஷயம் இதுதான்: பாக்டீரியாவில் பால் சீனியைச் செரிக்கும் ஜீன். அதற்குச் சற்று முன்னால், ஜீனை வாசிக்கும் நொதி வந்து ஒட்டும் இடம். அங்கே ஆறு எழுத்து. இயற்கையில் டி ஏ டி ஜி டி டி. நொதி சரியாக ஒட்டாது. துணைக்கு ஒரு புரதம் வேண்டும். இரண்டு எழுத்து மாறி டி ஏ டி ஏ ஏ டி ஆனால் துணை இல்லாமலே வாசிக்கும்.

"இந்த ரெண்டு வரியும் எடம் மாறிக் கெடக்கே" என்றார் அப்பா, கார்பனை எட்டிப் பார்த்து.
ஆமாம். நான் கொடுத்ததில் இயற்கையும் மாறியதும் தலைகீழ். முழுப் பேச்சும் பொய்.

14.11, புதன்
தூறல். விரிவுரையாளருக்குத் திருத்தம் அனுப்ப ஹாலிஎல தபால் கந்தோர் போனேன். தந்திப் படிவத்தைக் கிளார்க் இரண்டு முறை பார்த்தார்.
"தங்கச்சி, இது என்ன பாஷை? ரகசிய எழுத்தெல்லாம் அனுப்ப ஏலாது."
"ரகசியம் இல்லைங்க. பாக்டீரியாவோட எழுத்து."
வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடையாள அட்டை கேட்டார். தோட்ட விலாசத்தை வாசித்தார். அட்டையையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.
நாற்பது நிமிடம். உள்ளே வரச் சொல்லி, கொப்பியைப் புரட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கம் கேட்டார்கள். கடைசியில் அனுப்பினார்கள்.
திரும்பும் வழியில் சவர்க்காரம் வாங்கினேன்.

15.11, வியாழன்
வெயில். பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்து வீட்டிலிருந்து ஒப்பாரி. விரிவுரையாளரிடமிருந்து எனக்குப் பதில் தந்தி. வாங்கியது அம்மா; தந்தி என்றாலே அவருக்குச் சாவுச் செய்தி. இந்தியாவுக்குப் போன மாமாவிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை.
"எந் தம்பி போயிட்டானே!"
பிரித்தேன். 'திருத்தியாயிற்று. பேச்சு திங்களுக்கு மாற்றம்.'
"மாமாவுக்கு ஒண்ணுமில்லம்மா. ரெண்டு எழுத்து மாறிப்போச்சு, அதுக்கு."
"எழுத்துக்கா தந்தி அடிப்பாங்க?"
கூடியிருந்த பெண்கள் கலைந்தார்கள். அம்மா முகம் கழுவினார். பிறகு, "தம்பிக்கு ஒரு கடுதாசி எழுது, இப்பவே."
அம்மா சொல்லச் சொல்ல 'அன்புள்ள தம்பிக்கு' வரை எழுதினேன். அத்தோடு அம்மா எழுந்து ரொட்டிக்கு மா பிசையப் போய்விட்டார்.