பிறந்தநாள் படத்தில் இருந்த பைப்

என்னங்க,

காலையிலிருந்து வீடு முழுக்க பெயின்ட் வாடை. நம் ராஜா அண்ணாமலைபுரம் ஃபிளாட்டின் பால்கனிக் கம்பிகளுக்குப் பச்சை அடிக்கிறார்கள். வேலை முடித்த பெயின்டர் கையை நீட்டி, "தின்னர் தீந்துபோச்சும்மா, கையத் தொடைக்க கொஞ்சம் தேங்கா எண்ணெ கீதா?" என்று கேட்டார். ஊற்றும்போதுதான் பார்த்தேன். அவர் விரல் இடுக்கில் அதே பச்சை. கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது உங்கள் விரல்களில் இருந்த பச்சை.

சந்தேகப் பிராணி என்று என்னை எத்தனை கேலி செய்திருப்பீர்கள். "பரீட்சை ஹால்லயே பொறந்தவ இவ" என்பீர்கள். காலமெல்லாம் டீச்சராகப் பரீட்சைக்கூடத்தைக் காவல் காத்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? மீன்காரம்மா நேற்றைய வஞ்சிரத்தை இன்றைக்குத் தள்ளுகிறாளா, கேஸ் சிலிண்டரில் எடை குறைகிறதா, எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டேன். உங்களை மட்டும் விட்டுவைத்தேன்.

போன மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நீங்கள் போன அன்று ஒரு மாலைகூட அனுப்பாதவர்கள், இரண்டு வருஷம் கழித்து முந்திரி, பாதாம் பெட்டியோடு! "நம்ம சீனியர்ஸ்க்கு நினைவு மலர் போடறோம் மேடம். சீஃப் சார் கப்பல்ல இருந்த போட்டோ இருந்தா குடுங்க. இன்ஜின் ரூம்ல எடுத்ததா இருந்தா ரொம்ப நல்லது" என்றார். காப்பி எடுத்து அனுப்புகிறேன் என்றேன். "எதுக்கு மேடம் சிரமம்? பழைய போனையே குடுங்க, பாத்துட்டுத் தந்துடறோம்."

நினைவு மலருக்குப் போன் எதற்கு? "தேடிப் பாக்கறேன் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாதாம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த வாரமே ஆதம்பாக்கத்திலிருந்து ஷீலா என்று ஒரு பெண் வந்து நின்றாள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு அதே கப்பலில் சேர்ந்த செகண்ட் இன்ஜினியர் பிரவீனின் மனைவி. ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அதிகாரிகள் கப்பலைச் சோதித்து, இன்ஜின் ரூமில் ஒளித்திருந்த ஒரு பைப்பைப் பிடித்துவிட்டார்களாம். எண்ணெய் கலந்த கழிவு நீரை வடிகட்டாமல் நேரே கடலில் தள்ளுகிற பைப். நடுக்கடலில் மாட்டி, கரை தெரியும் முன் கழற்றிவிடுவார்களாம்.

"கம்பெனிக்கு அபராதம் ஆன்ட்டி, அவங்க கட்டிட்டுப் போயிடுவாங்க. இவருக்கு ஜெயில்னு சொல்றாங்க. கம்பெனிக்கு ஒண்ணுமே தெரியாது, பைப்பை இவரே செஞ்சு மாட்டிட்டாருன்னு கம்பெனி வக்கீல் கோர்ட்ல சொல்றாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சீஃப் சார் பர்த்டேக்கு நீங்க இன்ஜின் ரூம்ல ஒரு போட்டோ எடுத்தீங்களாமே. பழைய ஃபிட்டர் ஒருத்தர் சொன்னாரு. அது இன்னும் இருக்கா?"

இவளையும் கம்பெனியே அனுப்பியிருந்தால்? கல்யாணப் படத்தைக் காட்டு என்றேன். பாவம், கோபப்படாமல் போனை எடுத்துக் காட்டினாள். அதற்கப்புறம்தான் காபி போட்டேன்.

அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆபீசர்களின் மனைவிமார் கூட வரலாம் என்பதால் ஒரு கோடை லீவில் நானும் கப்பல் ஏறினேன். உங்கள் பிறந்தநாளுக்கு சமையல்காரர் செய்த கேக்கைத் தூக்கிக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் இன்ஜின் ரூம் இரும்பு ஏணியில் இறங்கினேன். "இங்க எதுக்குடி வந்தே?" என்று எரிந்து விழுந்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் சிரித்தீர்கள். நான் க்ளிக் செய்தேன்.

நீங்கள் போனபின் மாதா கோவில் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க, அந்தப் படத்தைத்தான் சாந்தோம் ஸ்டூடியோவில் கொடுத்தேன். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானம் போட்டுத் தந்தார்கள். ஷீலா போனபின் பழைய போனுக்கு சார்ஜ் ஏற்றி, வெட்டாத படத்தைத் திறந்தேன். உங்கள் தோளுக்குப் பின்னால், முழங்கையை மடக்கியது போல ஒரு பைப். சுற்றியுள்ள குழாய்கள் எல்லாம் பச்சை. அது மட்டும் வெறும் இரும்பு. பிரவீன் அந்தக் கப்பலில் சேர்வதற்கு முன்பே மாட்டி வைத்திருந்தீர்கள்.

துறைமுகம் வருவதற்கு முந்தின சாயங்காலம் பச்சைக் கையோடு கேபினுக்கு வந்தீர்கள். "சீஃப் இன்ஜினியரே பெயின்ட் அடிப்பாரா?" என்று கேட்டேன். "ஆரம்பிச்சுட்டா! இன்ஸ்பெக்ஷன் வருதுடி, போல்ட்டெல்லாம் பளிச்சுனு இருக்கணும்" என்றீர்கள். தேங்காய் எண்ணெய் போட்டு அந்தக் கையைத் துடைத்துவிட்டவள் நான். பைப்பைக் கழற்றினால் போல்ட்டில் கீறல் விழும், கீறலை மறைக்கத்தான் பெயின்ட் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எனக்கு உங்கள் மேல் கோபம். லீவில் வரும்போதெல்லாம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடப்போமே, என் பாதத்தில் தார் உருண்டை ஒட்டிக்கொள்ளும். நீங்கள் மணலில் மண்டி போட்டு, சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துத் துடைத்துவிடுவீர்கள். "எவனோ கடல்ல ஊத்தியிருக்கான், படுபாவி" என்பீர்கள். அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது? கம்பெனி மிரட்டியதா? "கழிவைக் கரையில எறக்கினா செலவுங்கறான், எறக்கலைன்னா குத்தங்கறான்" என்று ஒரு தடவை அலுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு மேற்கொண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. தெரியவில்லை. இனி தெரியவும் போவதில்லை.

உங்கள் தம்பிக்குப் போன் செய்தேன். பதறிவிட்டார். "கோவில்ல எல்லாரும் அண்ணன்மேல எவ்ளோ மரியாதை வச்சிருக்காங்க! செத்தவரை ஏன் அண்ணி இழுக்கறீங்க? அவருக்கு இனிமே எந்தக் கோர்ட்டும் தண்டனை குடுக்க முடியாது."

அவர் என்னைத் தடுக்கத்தான் அதைச் சொன்னார். எனக்கு அதுவே பதிலாகிவிட்டது. உங்களை இனி யாரும் ஜெயிலில் போட முடியாது. அந்தப் பையனைப் போடலாம்.

படத்தை பிரவீனின் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். எப்போது எடுத்தது, யார் எடுத்தது, பின்னால் இருப்பது என்ன, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஷீலா தினமும் பேசுகிறாள். கம்பெனிக்காரர் ஒரு தடவை கூப்பிட்டார். நினைவு மலர் வேலையை நிறுத்திவிட்டார்களாம்.

நேற்று தனியாகப் பட்டினப்பாக்கம் போனேன். திரும்பும்போது குதிகாலில் தார். உங்கள் எண்ணெய்க் குப்பி இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது. மணலில் உட்கார்ந்து நானே துடைத்துக்கொண்டேன். படுபாவி என்று வாய் வரை வந்தது, சொல்ல முடியவில்லை. அழுதேன்.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த நீல வானத்து அட்டையை எடுத்துவிட்டு, முழுப் படத்தை வைத்தேன். கையில் கேக், முகத்தில் சிரிப்பு, தோளுக்குப் பின்னால் அந்தப் பைப். இன்று மெழுகுவர்த்தியை அதற்குத்தான் ஏற்றியிருக்கிறேன்.