செல்கள் செத்ததற்குக் கைதட்டல்

அன்புள்ள அத்தைக்கு,

மருமகன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது.

முக்கியமான செய்தி, உங்கள் மகள் ஜெயித்துவிட்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கிற எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வைரஸால் தனியாக ஒன்றும் செய்ய முடியாதாம். நம் செல்லிலேயே ஏதோ ஒன்று அதற்குக் கதவு திறந்துவிடுகிறது. அந்த உள்கையைத்தான் இவள் தேடினாள். கோடிக்கணக்கான செல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு மரபணுவை மட்டும் முடக்கி, எல்லாவற்றின் மேலும் வைரஸை விட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாம் செத்தன. சில மட்டும் குத்துக்கல் மாதிரி இருந்தன. பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றில் முடங்கியிருந்தது ஒரே மரபணு.

அவளுடைய மேலதிகாரி அம்மா நம்பவில்லை. "தற்செயலா இருக்கும், இன்னொரு தரம் பண்ணு" என்றாராம். செய்தாள், அதே விடை. "அந்த மரபணுவைத் திருப்பி வச்சுப் பாரு. மறுபடியும் செத்தா நம்பறேன்" என்றார். அந்த வாரம் அவள் நினைப்பெல்லாம் ஆய்வகத்தில், நாங்கள் உப்புப் போட்ட காப்பி குடித்தோம். வியாழக்கிழமை செல்கள் செத்தன. ஆய்வகமே கைதட்டியதாம், மேலதிகாரி அம்மா இவளைக் கட்டிக்கொண்டாராம். மருந்து வர வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம் என்கிறாள். ஆனால் பூட்ட வேண்டிய கதவு எது என்று தெரிந்துவிட்டது.

அத்தை, "அந்த வைரஸ் வேலைய விடற வரைக்கும் எனக்கு போன் பண்ணாதே" என்று நீங்கள் அவளிடம் சொன்னது பயத்தில்தான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒருநாள் ஆய்வகக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தேன். தலை முதல் கால்வரை உறை, கைக்கு இரண்டு கையுறை. லிஃப்ட் குழிக்குள் இறங்கும் எனக்கு அதில் பாதிகூடக் கிடையாது.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தாள். உங்கள் எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டாள். துணி மடிக்க உட்கார்ந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. வேலையைப் பற்றி நீங்கள் எதுவும் பேச வேண்டாம். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பாள். "சாப்பிட்டியா" என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஆசியை அவளுக்கும் சேர்த்துக் கேட்கும்,
மருமகன்