கோஷ்தா கேட்டது எந்தக் கான்?

2003 நவம்பர், செவ்வாய் இரவு

மாடி வீட்டு கோஷ்தாவுக்கு ஜப்பானிலிருந்து இரண்டு ஜோடி நிலைமின் இயர்போன் வந்திருக்கிறது. காதுக்குள் செருகுவது, கூடவே சிகரெட் பெட்டியளவு மின்பெட்டி. கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா பேட்டையிலேயே கூர்மையான காது எனக்குத்தான் என்று நானே பரப்பிய வதந்தியை நம்பி, எது உசத்தி என்று சொல்ல மாலையில் என்னை அழைத்தார். என் மனைவியும் வந்தாள்.

முதல் ஜோடியில் சிதார் வலது காதில் மட்டும் கேட்டது. இரண்டாவதிலும் அப்படியே. ஆறு மாதமாக மனைவியிடம் மறைத்துவரும் விஷயம் இது.

"கான் கேமோன், மணிபாபு?" என்றார் கோஷ்தா.

கேமோன் என்றால் எப்படி இருக்கிறது. ஆனால் வங்காளத்தில் காதும் கான், பாட்டும் கான். உச்சரிப்பில் இருக்கும் மயிரிழை வித்தியாசம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காதைத்தான் கேட்கிறார், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து, இடது காது போய்விட்டதென்று என் ஓட்டை வங்காளத்தில் ஒப்புக்கொண்டேன். அவர் பாட்டைத்தான் கேட்டாராம்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"அப்ப நான் திட்டினதெல்லாம்?"

"பாதிதான் விழுந்தது."

அவள் சிரிக்கவில்லை.

இப்போது என் இடப்பக்கம் படுத்து ஏதோ முணுமுணுக்கிறாள். உதடு அசைகிறது. சோதிக்கிறாளா, அழுகிறாளா? விளக்கை அணைத்தால் உதடும் தெரியாது. இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.