ஒரு பக்கம் மட்டும் போட்ட வரி

மார்ச் 4

அன்புள்ள பாப்பா,

இங்கு எல்லோரும் நலம். வரி ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறாய், எங்களுக்கு மட்டும் நாலு வரி எழுத நேரமில்லையா என்று உன் அண்ணிக்குக் குறை.

கடைகளில் இறக்குமதிக் கதவுக் கீல் குவிகிறது. ஒன்று பக்கத்து நாட்டுச் சரக்கு, இன்னொன்று கடல் தாண்டி வருவது. இரண்டு பேருமே தங்கள் ஊரில் விற்பதைவிட மலிவாக இங்கே கொட்டுகிறார்கள். பக்கத்து நாட்டான் விற்கிற விலைக்கு எனக்குத் தகடுகூடக் கிடைக்காது. போன முறை மாதிரி, இப்படிக் கொட்டுகிற சரக்குக்குப் போடுகிற தண்டவரியை இரண்டு பேர்மேலும் போட வழி சொல். என் கீல் பட்டறையை நம்பி நாற்பது பேர் இருக்கிறார்கள்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

அண்ணி காலில் நான் விழுந்ததாகச் சொல்.

பக்கத்து நாட்டோடு இப்போது வட்டார ஒப்பந்தம் இருக்கிறது. உறுப்பு நாடுகள் ஒன்றின்மேல் ஒன்று தண்டவரி போடக் கூடாது. அந்த மனுவை நாங்கள் வாங்கவே முடியாது. கடல் தாண்டி விற்கிறவன் வெளியாள். அவன்மேல் மட்டும் மனுப் போடு. மற்ற பட்டறைகளின் கையெழுத்தும் வேண்டும். ஒன்றுமில்லாததற்கு இதுவாவது ஆகட்டும்.

பாப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பா,

மற்ற ஆறு பட்டறைக்காரர்களும் தயங்கினார்கள். எங்கள் பட்டறைச் சங்கத் தலைவர் முகத்துக்கு நேரே, "கழுத்தப் புடிக்கிறவன விட்டுட்டுக் கிள்றவன அடிக்கச் சொல்றியே" என்றார். "என் தங்கச்சி அங்கதான் இருக்கா, அவ சொன்னா சரியா இருக்கும்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

அண்ணன்

நவம்பர் 11

அன்புள்ள அண்ணா,

ஜெயித்துவிட்டோம்! வரி உத்தரவு இன்று வந்துவிட்டது. ஏன் பதிலே இல்லை? தலைவரிடம் நான் விசாரித்ததாகச் சொல். விடுமுறைக்கு வருகிறேன்.

பாப்பா

பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

வெளியாள் சரக்கு டிசம்பரிலேயே நின்றுவிட்டது. அவன் விட்ட இடத்தையெல்லாம் பக்கத்து நாட்டான் பிடித்துக்கொண்டான். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த பெரிய கடைகளும், எல்லாம் ஒரே ஆளிடம் வாங்குகிறோம் என்று போய்விட்டன. நான்கு பட்டறைகள் மூடியாகிவிட்டது. என்னுடையது ஐந்தாவது.

வேலை போன ஆட்கள் தினமும் காலையில் வந்து நம் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கத்தினால்கூடப் பரவாயில்லை, சும்மா நிற்கிறார்கள். நேற்று தலைவர், "தங்கச்சி இப்ப என்ன சொல்லுது?" என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அண்ணி பிள்ளைகளோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக எழுதவில்லை. விடுமுறைக்கு வராதே. உன் முகம் அவர்களுக்குத் தெரியும்.

அண்ணன்